சுரண்டிப் பார்த்தால் தெரியும்

மேலூர்ப் பக்கம் கதிரடிப்பு நாளில் பெரிய மாமாவின் வலது கண்ணில் நெல்சுணை பட்டது. அத்தை முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றி எடுத்தார். இரவு இரண்டு சொட்டு விளக்கெண்ணெய். மறுநாளும் உறுத்தல் அடங்காததால் மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. அதை விட்டதும் சிவப்பு மட்டுப்பட்டது, மாமாவுக்கு நிம்மதி. எட்டாம் நாள் கருவிழி நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்றார்கள் ஊரில். இத்தனை கொடுமையான ஒன்றுக்கு இத்தனை அழகான பெயர் எப்படி வாய்த்ததோ!

முதலில் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "இன்ஃபெக்‌ஷன்தான், சரியாப் போயிடும்" என்று ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக் கொடுத்து, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். ஐந்து நாளில் வெள்ளை பெரிதானது. இரண்டாவதாகப் போன மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர், கண்ணைத் தொடும் முன்பே கேட்டார்: "ஐயா, இதுக்கு முன்னாடி கண்ணுல என்னென்ன விட்டீங்க?"

"ஒண்ணும் விடலையேம்மா."

அத்தை பேசாமல் மஞ்சப்பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். ஸ்டீராய்டு.

கண் நோயைக் கண்டறியும் கலையில் எது வலு, எது ஓட்டை என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது. "என்ன விழுந்தது?" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். "என்ன விட்டீர்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. எண்ணெயும் தாய்ப்பாலும் மெடிக்கல் சொட்டும் அவர் கணக்கில் மருந்தே இல்லை. ஸ்டீராய்டு சொட்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும், கிருமியை அடக்காது. திருடன் உள்ளே இருக்கும்போது குரைக்கிற நாயைக் கட்டிப்போட்ட கதை. வீடு அமைதியாகிவிடும், அவ்வளவுதான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அந்தச் சட்டம் மெடிக்கல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

கார்னியா என்கிற கருவிழிப்படலம் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதன் மேல்தோல் சிராய்ந்து கிருமி இறங்கினால் புண். எங்கள் மதுரை மாவட்டத்தில் 1993-இல் இதைக் கணக்கெடுத்தார்கள்: ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் கிடைத்த கணக்கைப்போல் இது பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரைத் துருவிப் பார்த்தது இன்னொரு ஆய்வு. மூவரில் இருவர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்த புண்களில் பாக்டீரியா 47 சதவீதம், பூஞ்சை 47 சதவீதம்.

செம்பாதி. இந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டுதான் நம் கண் சிகிச்சை முறையை எடைபோட வேண்டும் என்பேன். குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கருவிழிப் புண் என்றாலே முதலில் பாக்டீரியா. அங்கே பூஞ்சை அபூர்வம், ஆகவே ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டுப் பிறகு யோசிப்பது அங்கே நியாயமான வழக்கம். அதே வழக்கத்தை வைகைக் கரைக்குக் கொண்டுவந்தால் இரண்டுக்கு ஒன்று தப்பும். பாக்டீரியா மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது, பூஞ்சை மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மாமா இழந்த ஐந்து நாளுக்கு முதலில் பார்த்த டாக்டரின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. வேறு மண்ணில் எழுதிய விதியும் காரணம்.

அனுபவமுள்ள டாக்டர் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். ஸ்லிட் லேம்ப் லேசுப்பட்ட கருவி இல்லை. மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகப் பாய்ச்சினால் கார்னியா வெட்டிவைத்த கண்ணாடித் துண்டுபோல் குறுக்குவெட்டில் தெரியும். புண் எவ்வளவு ஆழம், எங்கே மெலிந்திருக்கிறது, உள்ளறையில் சீழ் கட்டியிருக்கிறதா, இரும்புத் துகள் இன்னும் ஒட்டியிருக்கிறதா, எல்லாம் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃப்ளூரசின் சாயத்தைத் தொட்டு வைத்து நீல விளக்கைப் போட்டால் தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கிளைவிட்ட மரம்போல் அந்தப் பச்சை படர்ந்தால் ஹெர்பிஸ் வைரஸ் என்று சந்தேகிக்க வேண்டும். மரத்துப்போகும் சொட்டை விடும் முன் பஞ்சுத் திரியால் கார்னியாவைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அதுவும் வைரஸைத் தேடித்தான். சொட்டை விட்ட பிறகு தொட்டுப் பார்த்துப் பயனில்லை. இந்த வரிசை தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் டாக்டர் மாமாவின் சீட்டில் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் மஞ்சள் பென்சிலால் ஒழுங்கற்ற ஒரு திட்டு, ஓரத்தில் இறகுபோல் பிசிறு, சுற்றிலும் நீலம். மஞ்சள் என்றால் கிருமி இறங்கிய இடம், நீலம் நீர்கோத்த வீக்கம், சிவப்பு ரத்தநாளம், கறுப்பு தழும்பு. ஐந்தாறு நிறத்தில் ஒரு கண்ணின் ஜாதகம். போட்டோ எடுக்கும் வசதி வந்த பிறகு இப்படி வரைவது குறைந்துவிட்டது. எனக்கு அது நஷ்டமாகவே படுகிறது. வரைய உட்கார்ந்தால் ஓரத்தின் பிசிறைப் பார்த்தே ஆகவேண்டும், போட்டோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 15 கார்னியா நிபுணர்களிடம் புண்களின் படங்களைக் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 66 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். படம் வேறு, ஸ்லிட் லேம்ப் வேறு என்று நிபுணர்கள் சார்பாகச் சொல்லலாம், அது நியாயமும்கூட. திருச்சி மருத்துவர் பிலிப் தாமஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2005-இல் காட்டியது இந்த வாதத்துக்குத் துணை நிற்கும்: ரம்பப் பல்போன்ற ஓரம், மேடிட்ட புண், மஞ்சள் அல்லாத நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் பூஞ்சையாக இருக்கும் வாய்ப்பு 83 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் மூன்றும் எல்லாப் புண்ணிலும் சேர்ந்து வருவதில்லை. மெடிக்கல் ஸ்டீராய்டு விழுந்த கண்ணில் இந்த அடையாளங்களை அப்படியே நம்பவும் முடியாது.

மிச்சமிருக்கிற வழி சுரண்டிப் பார்ப்பது. கேட்கவே கண் கூசும், செய்வதைப் பார்த்தால் எளிது. மாமாவுக்கு மரத்துப்போகும் சொட்டு விட்டு, தாடையை ஸ்லிட் லேம்பில் வைக்கச் சொன்னார்கள். "நேரா என் காதைப் பாருங்க ஐயா, அசையாதீங்க." சின்னப் பிளேடால் புண்ணின் ஓரத்திலும் அடியிலும் மெல்ல வழித்தெடுத்து, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவினார். இன்னொன்றை வளர்ப்புத் தட்டில் ஆங்கில 'சி' எழுத்துபோல் கோடுகளாக இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் முளைப்பது கண்ணிலிருந்து வந்தது, கோட்டுக்கு வெளியே முளைப்பது காற்றிலிருந்து விழுந்தது. நாற்றங்காலில் களை எது, நாற்று எது என்று வரிசையை வைத்துச் சொல்வதில்லையா, அதே சூட்சுமம். சில்லில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. அது செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் இழை கரையாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் கூப்பிட்டுக் காட்டினார்கள். மங்கிய வெளிச்சத்தில் கிளைவிட்ட கண்ணாடி வேர்கள்.

திருநெல்வேலியில் 3,298 கண்களில் செய்து 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த ஒரு சொட்டு முறை பூஞ்சையை 99 சதவீதத்துக்கு மேல் பிடித்தது. விலை அற்பம், நேரம் சில நிமிடம். இவ்வளவு மலிவான ஒரு சோதனை இவ்வளவு திருத்தமாகச் சொல்வது மருத்துவத்தில் அடிக்கடி நடக்காது. சொன்ன பதிலுக்கு ஏற்ற மருந்தும் உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில், புதிதாக வந்த விலை உயர்ந்த வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டுதான் நன்றாக வேலை செய்தது. ஃபியுசேரியம் என்ற பூஞ்சையில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மதுரையில் பூஞ்சைப் புண்ணுக்கு முதல் காரணமே ஃபியுசேரியம்தான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஏன் சுரண்டிப் பார்ப்பதில்லை? மெலிந்த கார்னியாவில் பிளேடு வைக்கப் பயம் என்பார்கள். இதை ஓரளவு ஏற்கலாம், ஓட்டை விழும் தறுவாயில் இருக்கும் கண்ணைச் சின்ன கிளினிக்கில் தொடக்கூடாது. நேரமில்லை என்பார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். கண்ணாடிக்குப் பவர் பார்க்க நேரம் இருக்கிறது. மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சில்லைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. முறையின் நிஜமான பலவீனம் இங்கேதான். பஞ்சு நூலும், செல்லின் விளிம்பும், கழுவாத சில்லின் கீறலும் பழகாத கண்ணுக்குப் பூஞ்சை இழையாகத் தெரியும். பெரிய மருத்துவமனையில் நாள் முழுக்க இதையே பார்க்கிறவருக்கு வரும் 99 சதவீதம், மாதம் ஒன்று பார்க்கிறவருக்கு வராது. ஆய்வுக் கட்டுரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்த டெக்னீஷியனின் பெயர் இருப்பதில்லை. உண்மையில் அந்த எண் அவருடையது.

சரியாகப் படித்தாலும் ஏமாறும் இடம் உண்டு. பித்தியம் என்று ஓர் உயிரி, சில்லில் அசல் பூஞ்சைபோலவே இழை விடும். ஆனால் அது பூஞ்சையே இல்லை, பாசிகளுக்குச் சொந்தம். நேட்டமைசின் பிடித்துக்கொள்ளும் எர்கோஸ்டிரால் அதன் சவ்வில் இல்லாததால் மருந்து பிடி கிடைக்காமல் வழுக்கிவிடும். அடையாளம் தெரியாத பூஞ்சை என்று ஒதுக்கிய சில மாதிரிகள் பித்தியம்தான் என்று ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தார் 2015-இல் எழுதிய பிறகுதான் நம் ஊர் மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். இதற்கு லினசோலிட், அசித்ரோமைசின் என்று பாக்டீரியா மருந்துகளையே கொடுத்துப் பார்க்கிறார்கள். இழை தெரிந்தது, நேட்டமைசின் விட்டோம், ஆறவில்லை என்றால் நோயாளி சொட்டைச் சரியாக விடவில்லை என்று திட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

தட்டில் எதுவும் முளைக்காமல் போவது இன்னொரு பொறி. 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. பத்து நாள் ஆன்டிபயாடிக் விட்ட பிறகு சுரண்டினால் தட்டு வெறுமையாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? மேலே பொருக்குத் தட்டி, ஆழத்தில் இழை ஓடியிருந்தாலும் பிளேடுக்கு எட்டாது. முதல் நாள் செய்தால் பேசும் சோதனை, பதினைந்தாம் நாள் ஊமை. ஆனால் அதைச் செய்யும் வசதி இருப்பதோ நோயாளி பதினைந்தாம் நாள் போய்ச் சேரும் இடத்தில். தெரியவில்லையா, இரண்டையும் சேர்த்து விடு என்று பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றாக எழுதும் பழக்கம் இதிலிருந்துதான் வந்தது. மைக்ராஸ்கோப் இல்லாத ஊரில், பெரிய மருத்துவமனைக்குச் சீட்டெழுதி, பஸ் ஏற்றிவிடும் வரைக்கும் அப்படிச் செய்கிற டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். மைக்ராஸ்கோப்பைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு அதைச் செய்கிறவரைச் சொல்வேன்.

புண்ணாகும் முன்பே தடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்று மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் முயன்றார்கள். பயிற்சி பெற்ற கிராம ஊழியர்கள் சிராய்ப்பு வந்தவுடன் மூன்று நாள் களிம்பு போட்டார்கள். 374 சிராய்ப்புகளில் 368 சிக்கலில்லாமல் ஆறியதாக 2006-இல் எழுதினார்கள். ஒரு பாதிக்குப் பூஞ்சை மருந்தையும் சேர்த்தார்கள், இரண்டு பாதியும் ஒரேபோல ஆறின. ஆனால் களிம்பே போடாத ஒரு கூட்டம் ஒப்பீட்டுக்கு இல்லை. பெரும்பாலான சிராய்ப்பு சும்மா விட்டாலும் ஆறும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும். பின்னால் நேபாளத்தில் கிராமங்களைக் குலுக்கிப் பிரித்து, ஊழியர் உள்ளதும் இல்லாததுமாக ஒப்பிட்டார்கள். 2022-இல் முடிவு வந்தது: புண்ணின் எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதவில்லை. ஊழியரிடம் வரும் முன் மெடிக்கலுக்குப் போகிறவர்களும் அங்கே இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

மாமாவுக்கு மணிக்கொரு தரம் நேட்டமைசின், ராத்திரியும் அலாரம் வைத்து. பால்போல் வெள்ளையான மருந்து, குலுக்கி விட வேண்டும், இமையோரத்தில் சுண்ணாம்பாகப் படியும். அத்தைதான் விட்டார். வாரத்துக்கு ஒருமுறை சீட்டில் புதிதாக ஒரு வட்டம். மஞ்சள் சுருங்கியது, பிசிறு மழுங்கியது, நீலம் வெளுத்தது. மூன்றாம் மாதம் கடைசியாகப் போனபோது டாக்டர் மஞ்சளையும் நீலத்தையும் எடுக்கவேயில்லை. கறுப்புப் பென்சிலை எடுத்து வட்டத்தின் நடுவில் ஒரு சின்னத் திட்டு வரைந்தார். மாமா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தார். "ஏதோ கறுப்பா இருக்கு" என்றார்.

"அதுதான் ஐயா."