தீண்டிய கை

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், தொழுநோயாளர் ஒருவர் இயேசுவை நாடி வரும் நிகழ்ச்சி ஆறே வசனங்களில் அமைந்துள்ளது. அதனை ஓர் அற்புதக் கதையாக மட்டும் படிப்போர் அதன் அமைப்பிலுள்ள நுட்பத்தைக் காணத் தவறுவர்.

இத்தகைய நோயர் கிழிந்த உடையணிந்து, தம்மைத் 'தீட்டு' என்று தாமே கூவி, பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ்தல் வேண்டும் என்பது லேவியராகமத்தின் விதி. அங்குள்ள எபிரேயச் சொல் பல்வகைத் தோல் நோய்களையும், ஆடையில் படரும் கறையையுங்கூடக் குறித்தது. 1873இல் ஹான்சன் கண்டறிந்த நுண்ணுயிரால் வரும் நோயை மட்டும் அது சுட்டவில்லை. தீட்டைப் பற்றிய அச்சமே அவ்விதியின் அடிப்படை என்பது இதனாற் புலனாகும்.

இப்பின்னணியில் மாற்கு செயல்களை நிரல்படுத்தும் முறை நோக்கற்பாலது. இயேசு முதலில் கைநீட்டித் தொடுகிறார். பின்னரே நோய் நீங்குகிறது. குணமடைந்தவரைக் குருவிடம் அனுப்புவதும் பொருளுடையதே. ஊரார் மீண்டும் ஏற்பதற்கு அந்நாளில் குருவின் சான்று தேவைப்பட்டது. அவரோ செய்தியை எங்கும் பரப்புகிறார். அதனால் இயேசு வெளிப்படையாக ஊருக்குள் நுழைய இயலாது தனியிடங்களில் தங்க நேர்கிறது. விலக்கப்பட்டவர் இருந்த இடத்திற்கே தொட்டவர் சென்று சேர்கிறார்.

தமிழாக்கங்களும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கவை. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் 'குஷ்டரோகி ஒருவன்' என்றது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தொழுநோயாளர் ஒருவர்' என்றது. முன்னோர் இழிவு கருதி எழுதினர் என்று கொள்வதற்கில்லை. அக்கால உரைநடை எளியோர் பலரையும் அவ்வாறே சுட்டிற்று. ஆயினும், விகுதி மாறியதும் படிப்பவர் அவரை நோக்கும் பார்வையும் மாறுகிறது.

சொல் மாறிய அளவிற்குச் சமூகம் மாறிற்றா? மலேசியாவில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் தொடங்கப்பெற்றது. நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. எனினும், நலம்பெற்ற பின்னரும் பலர் அங்கேயே வாழ்ந்து முதுமை எய்தினர். மருந்து தன் கடமையைச் செய்தது. நீள வேண்டிய கைகள் பல நீளவில்லை.

இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், 'நோய் எப்பொழுது நீங்கியது?' என்பதோடு, 'அவர் எப்பொழுது ஏற்கப்பட்டார்?' என்றும் மாணவரை வினவுதல் நன்று. இரண்டாம் வினாவுக்குரிய விடை, நோய் நீங்குமுன்னரே கதையில் இடம்பெற்றுவிடுகிறது.