கல்லின் முகமும் கல்லின் ஊரும்

அக்கரப்பத்தனையில் தேயிலை மலைக்குக் கான் வெட்டும்போது நடுவில் துளையுள்ள வட்டக்கல் ஒன்று அகப்பட்டால், படமெடுத்துக் ‘கடல் அல்லித் தண்டு’ என்று அனுப்ப இன்று ஒரு நிமிடம் போதும். மலையையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. கடல் அல்லிகள் தோன்றியதோ சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தப் பாறைக்குள் அவை இருக்க வழியே இல்லை.

அல்லி என்று பெயர். செடியல்ல, நட்சத்திரமீனுக்கு உறவான விலங்கு. செத்ததும் தண்டு காசு காசாக உதிர்ந்துவிடும். அந்த வில்லைகள்தான் சேகரிப்போர் கையில் சிக்குகின்றன. வட்டமாகவோ ஐந்து முனை நட்சத்திரமாகவோ இருக்கும். முகத்தில், அடுத்த வில்லையோடு பல்லுக்குப் பல் பொருந்தும் மெல்லிய வரிகள் ஓடும். ஒவ்வொரு வில்லையும் ஒரே கல்சைற்றுப் பளிங்கு என்பதால், புதிதாக உடைந்த இடம் வெயிலில் மினுங்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். இந்த மட்டத்தில் பொழுதுபோக்காளரின் கண்ணைத் தாராளமாக நம்பலாம்.

சறுக்கல் இனப்பெயரில் வருகிறது. இனத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பவை தலைக்கிண்ணமும் கைகளுமே. தண்டை வைத்துச் சொல்வது, கால்விரலைப் பார்த்து ஆளைச் சொல்வது போல. ஒரே தண்டில்கூட மேல் வில்லையும் கீழ் வில்லையும் ஒத்திருப்பதில்லை.

அதற்காகப் பொழுதுபோக்காளரை ஒதுக்க முடியாது. தென்னிந்தியக் கிரெத்தேசிய உயிர்ச்சுவடுகளைப் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் திரட்டிய கேயும் கன்லிஃபும் கும்பனி அதிகாரிகள். 1846இல் லண்டனில் அவற்றை விவரித்தார் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். ஆனால் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பாறை அடுக்குகளைப் பிரித்தது, நிலத்தில் நடந்து திரிந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் 1862ஆம் ஆண்டு அறிக்கைதான்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த கல்லுருண்டைகள் ‘டைனோசர் முட்டை’ என்று பரவின. நிலவியலாளர்கள் நேரில் பார்த்து, அமோனைற்றுப் படிவுகள் என்றார்கள். படிப்பு மட்டும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. கல்லமேட்டில் எடுத்து 1980களில் ராட்சத டைனோசராக அறிவிக்கப்பட்ட எலும்புகள் கல்மரமோ என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. எலும்புகள் பொடிந்துபோனதால் திரும்பத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பெயர் பிழைத்தால் பிறகு திருத்தலாம். கல் எடுத்த இடம் மறந்தால் திருத்த எதுவும் மிஞ்சாது. அகப்பட்டதைக் கழுவுமுன் ஊர், பாறையின் நிறம், எத்தனை அடி ஆழம் என்பதைத் துண்டுக் கடதாசியில் எழுதி, கல்லோடு அதே பையில் போட்டுவிடுங்கள்.