பறவைக்கு எத்தனை அசை?

பிரெஞ்சிலிருந்து ஸ்பானியத்துக்கு இசை சார்ந்தவற்றைப் பெயர்க்க இரு மொழியும் அறிந்த ஒருவர் போதும் என்ற எண்ணத்தோடு நமக்கு உடன்பாடில்லை. இரண்டும் இலத்தீனின் பிள்ளைகள். ஆபத்தும் அந்த உறவில்தான். பிரெஞ்சில் 'அல்தோ' ஒரு வாத்தியம். ஸ்பானியர் அதை 'வியோலா' என்பர். அவர்களுக்கு 'அல்தோ' ஒரு குரல்வகை. பிரெஞ்சுக்காரர் 'இரட்டைக் குரோஷ்' என்னும் சுரக்குறியே ஸ்பானியரின் 'செமிகொர்ச்சேயா', அதாவது அரைக் கொர்ச்சேயா. முன்னவர் குறியின் கொளுக்கிகளை எண்ணுகிறார், பின்னவர் காலத்தைப் பாதியாக்குகிறார். இதை 'இரட்டை' என்றே பெயர்ப்பவர் அகராதி பார்த்தவர், இசைத்தாள் பார்த்தவரல்லர்.

பாட்டு இன்னும் பொல்லாதது. 1875இல் பாரிசில் மேடையேறிய பிஸேயின் 'கார்மென்' செவில் நகரத்துக் கதை. அதன் 'ஹபனேரா' மெட்டும் ஸ்பானியரான இராடியேரின் பாடலொன்றிலிருந்து வந்ததே. நாட்டார் பாட்டென்று எண்ணித்தான் பிஸே எடுத்தாராம். அப்படியானால் ஸ்பானியத்தில் அதைப் பாடுவது வீடு திரும்புவதுபோல எளிதல்லவா? இல்லை. மெட்டு பிரெஞ்சுச் சொற்களோடு இசைந்துபோய்விட்டது. அங்கே பறவை 'உவாசோ': இரண்டு அசை, அழுத்தம் கடைசியில். ஸ்பானியத்தில் 'பாஹரோ': மூன்று அசை, அழுத்தம் முதலில். சொல்லை அப்படியே வைத்தால் மெட்டு நொண்டும். மேடைக்கென்றால் பறவையைப் பறக்கவிடலாம் என்பதே நமது கட்சி. வாசிப்பதற்கான அச்சுப் பிரதியில் அது இருக்கட்டும்.

ஆள் தேடுவோர் பட்டங்களை விசாரிப்பதிலும், ஒரு பக்கத்தைக் கொடுத்து, பெயர்த்ததைப் பாடிக்காட்டச் சொல்வது மேல். குரல் எப்படியிருந்தாலென்ன.