ஸ்ட்ரைக்: இறக்கிய பாயும் அடித்த பெயரும்

'ஸ்ட்ரைக்' என்றால் அடி. இன்றைய அகராதிகள் இப்படித்தான் தொடங்குகின்றன. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்குத் தடவு, தேய்த்துச் செல், நகர் என்கிற பொருள்கள் இருந்தன. 'ஸ்ட்ரோக்' என்ற வருடலும் இதே குடும்பம்தான். வருடல் எப்படி அடியாயிற்று என்பதை மொழியியலாளரிடம் விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது 1768.

அந்த ஆண்டு லண்டன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயையோ கொடியையோ இறக்குவதற்குக் கடலோடிகளின் பேச்சில் 'ஸ்ட்ரைக்' என்று பெயர். பாய் இறங்கினால் கப்பல் நகராது, சரக்கும் நகராது. ஆக, சங்க மேடைகளில் முழங்குகிற இந்தச் சொல்லுக்குள் ஓங்கிய கை இல்லை. கீழே இறக்கிய பாய்தான் இருக்கிறது. கடற்போரில் கொடியை இறக்கினால் அது சரணாகதி. அந்தச் சொல்லையே தொழிலாளி எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டான்!

பிரெஞ்சில் இதற்கு 'கிரேவ்'. பாரிசில் சேன் நதிக்கரையிலிருந்த ஒரு திடலின் பெயர் அது; வேலையில்லாதவர்கள் கூலிக்கு ஆள் தேடி வருவோரை எதிர்பார்த்து அங்கேதான் நிற்பார்கள். ஸ்பானியச் சொல்லின் வேரில் இருப்பது ஓய்வு. நம்முடைய 'வேலைநிறுத்தம்' அறிக்கைத் தமிழ். ஆலை வாசலில் அதை யார் சொல்கிறார்கள்? 'ஸ்ட்ரைக்கு'தான்.

ஆனால் பாயை இறக்க வேண்டுமென்றால் முதலில் பாய்மரத்தில் ஏற இடம் இருக்க வேண்டும். 1921இல் சென்னை பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை இங்கே வைத்துப் பாருங்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் சாதிக் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன. இவர்களைக் 'கருங்காலி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? (அந்தச் சொல்லிலும் கறுப்புதான் வசவாகியிருக்கிறது, ஆங்கிலத்தின் 'பிளாக்லெக்'கிலும் அதேதான்.) ஒற்றை வர்க்கம், ஒற்றைக் குரல் என்ற பெருங்கதையாடலுக்கு இந்தக் கேள்வி தொந்தரவு தருகிறது. ஊரிலும் சேரியிலும் தனித்தனியாக வாழ வைக்கப்பட்டவர்கள் ஆலை வாசலில் மட்டும் 'தோழர்' ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தது யார்? அவர்கள் திரும்பியதில் நிர்வாகத்துக்கு லாபம் இருந்தது, உண்மைதான். அதற்காகக் குடிசையை எரித்தது வர்க்கப் போராட்டம் ஆகிவிடாது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பதிவேட்டில் பெயரை அடித்தல். தமிழிலும் 'பேரை அடிச்சிட்டாங்க' என்றுதானே சொல்கிறோம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போக முடிந்தது. பாய் இறங்கியதும் பெயர் அடிபட்டதும் ஒரே சொல். 2016இல் ராணுவம் எல்லை தாண்டியபோது அதே சொல் 'சர்ஜிகல்' என்ற அடைமொழியோடு தேசப் பெருமையாகிவிட்டது. அடிப்பது யார் என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சொல்லுக்கு மரியாதை.

ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு முதன்மைப் பதிவேட்டில் அடிப்பதற்குப் பெயரே கிடையாது. அவர் வேலையை நிறுத்தினால் மேஸ்திரி 'ஸ்ட்ரைக்' என்றா சொல்லப்போகிறார்? 'இன்னிக்கு ஆளு வரல' என்பார், அவ்வளவுதான்.