தில்லை இலையும் இரும்பு நீலமும்

இலை போன்ற ஒன்றை மேலே வைத்து வெயிலில் நீலமாகப் பதிக்கும் சயனோடைப் துணியைப் பார்த்துப் பழகியவர்கள் அதில் நீலத்தை முதலில் தேடுவதில்லை, வெள்ளையைத்தான் தேடுவார்கள். நீலத்தை வெயில் கொடுத்துவிடும். வெள்ளை, செய்தவரின் கைப்பக்குவம். இலை கிடந்த இடம் நூலின் சொந்த நிறத்தோடு பளிச்சென்று நிற்கிறதா, மங்கலாக நீலம் ஊறிக் கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும்.

முறை என்னவோ எளியதுதான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியே 100 மில்லி தண்ணீரில் கரைத்து, வேண்டும்போது சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் பருத்தித் துணியில் தடவி, இருட்டில் காயவைக்க வேண்டும். மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும் அந்தத் துணிமேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் விரித்தால், புறஊதாக் கதிர் பட்ட இடமெல்லாம் இரும்பு நீலம் எனப்படும் பிரஷ்யன் நீலம் உருவாகிறது. நிழலில் இருந்த மருந்து தண்ணீரில் அலசும்போது போய்விடுகிறது. 1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த வழி இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைக் காகிதத்தில் இப்படிப் பதித்து நூலாக்கத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் நூலாக அதைக் கருதுகிறார்கள். பின்னாளில் பொறியாளர்கள் கையில் புழங்கிய புளூபிரிண்டும் இதே மருந்தின் வேலைதான்.

காகிதத்தைவிடத் துணியில்தான் எனக்கு இந்த நீலம் பிடிக்கிறது. காகிதத்தில் இலையின் விளிம்பு கறாராக நின்றுவிடும். துணியில் அது ஊடும் பாவும் கடந்து, ஏறி இறங்கிப் போகிறது. கைத்தறி நூலில் தடித்த இடம் கூடுதலாக மருந்தைக் குடித்து ஆழ்ந்த நீலமாகும். மெலிந்த இடம் வெளிறி நிற்கும். ஆலைத் துணியில் இந்த ஏற்ற இறக்கம் அனேகமாக இருக்காது. பாலியஸ்டரில் மருந்து பிடிக்கவே பிடிக்காது. பருத்தி, லினன், பட்டு மூன்றும் பிடித்துக்கொள்ளும்.

கடலூர் வட்டாரத்துக்கு நீலம் புதிதல்ல. பழைய தென்னார்க்காடு, நீலச்சாயம் தரும் அவுரி விளைந்த பூமி. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கியதற்கும் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடாரமடித்ததற்கும் இந்தக் கரையின் துணிதான் பெரிய காரணம். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகு அவுரி வயல்கள் சுருங்கின. நெசவு மட்டும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இன்றும் நடக்கிறது. அவுரி நீலம் தொட்டியில் முக்கி, காற்றில் ஆற்றி, மறுபடி முக்கிப் படிப்படியாக ஏற்றுவது. இரும்பு நீலம் ஒரே வெயிலில் பிறந்துவிடுகிறது. முன்னது சாயக்காரரின் பொறுமை. பின்னது அந்த நேரத்து வானத்தின் பதிவு.

பதிக்கத் தகுந்த பொருள்களோ இந்தக் கரையில் கொட்டிக் கிடக்கின்றன. சவுக்கு ஊசிகள் மயிரிழைக் கோடுகளாக விழும். உற்றுப் பார்த்தால் கணுகூடத் தெரியும். துறைமுகத்துப் பழைய வலையை விரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளி. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சுரபுன்னையின் நீண்ட காய் உருளை வடிவானது. துணியில் ஒரு கோட்டில்தான் ஒட்டும். அந்தக் கோடு கூர்மையாக நிற்க, இருபுறமும் வெளிச்சம் உள்ளே கசிந்து நிழல் மெல்லக் கரைகிறது. தட்டையான இலை தராத ஆழத்தை இந்தக் காய் தருகிறது. இவை எல்லாவற்றிலும் என் மனம் போவது தில்லை இலைக்குத்தான். சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லை இன்று செழித்திருப்பது பிச்சாவரத்துச் சதுப்பில். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், காடோ பாதுகாக்கப்பட்டது. ஆகவே கிளையில் கை வைக்காமல், கரையோரம் சிவந்து உதிர்ந்து கிடப்பவற்றைக் கையுறையோடு பொறுக்கிக்கொள்வதே முறை.

இந்தக் கரையில் கைக்கு வரும் தொல்லைகளும் உண்டு. கடற்காற்று இலையை அசைத்தால் விளிம்பு இரட்டையாகும். மேலே கண்ணாடி வைத்து அழுத்திப் பிடிக்கவேண்டும். பாவுக்குப் போட்ட கஞ்சி போகத் துணியை முதலில் நன்றாக வெந்நீரில் அலசாவிட்டால் நீலம் திட்டுத்திட்டாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் நேரம் இழுத்துக்கொண்டே போகும். சித்திரை உச்சி வெயிலில் சில நிமிடங்களே போதும். மஞ்சள்பச்சை மாறிச் சாம்பல் பூத்த செம்பு நிறம் வந்ததும் எடுத்து அலசலாம். நீலம் அப்போதே முழுசாகத் தெரியாது. அடுத்த நாள்வரை காற்றில் ஆழ்ந்துகொண்டே வரும். அலசும் தண்ணீரில் கவனம் வேண்டும். காரத் தன்மை இந்த நீலத்துக்கு எதிரி. ஆழ்குழாய்த் தண்ணீர் காரமாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

துவைக்கும்போதும் அதே எச்சரிக்கைதான். சலவைச் சோடாவும் பிளீச்சிங் பொடியும் பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும். நீண்ட நாள் வெளிச்சத்தில் வெளுத்த துணியை இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும். ஆனாலும் சலவையின் ஆபத்தால் இது தினப்படி உடுத்தித் துவைக்கும் துணிக்கு ஏற்றதல்ல. சுவரில் தொங்கும் சீலைக்கும் தோளில் கிடக்கும் மேல்துண்டுக்கும் ஏற்றது. அப்படிச் சொல்வதில் இந்தக் கலைக்கு ஒரு குறையும் இல்லை.

அட்கின்ஸ் காகிதத்தில் பதித்தது தன் நாட்டுப் பாசிகளை. நம் கரையின் இலைகளையும் வலைகளையும் நம் தறித் துணியில் பதிக்க வேண்டியது நாம்தான். கரையின் உயிர்களைப் பற்றிக் கேட்டறியப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, குறிஞ்சிப்பாடியில் தறி இருக்கிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. கடலூர் மாவட்டத்தின் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் இந்தக் கோடையில் நாலு முழம் காடாத் துணியோடு தொடங்கட்டும்.