கேட் அட்டை: 350-க்குக் கீழே, ஆனால் தகுதி உண்டு

வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து நண்பரின் மகள் கேட் மதிப்பெண் அட்டையோடு வந்தாள். பட்டியல் சாதிப் பிரிவு. வீட்டில் முதல் பட்டதாரி.

"அங்கிள், குவாலிஃபைடுன்னு போட்டிருக்கு. ஆனா ஸ்கோர் 350-க்குக் கீழ இருக்கு. 350தானே பாஸ்? தப்பா வந்திருச்சா? அப்ளை பண்ணாம விட்டுடலாமா?"

தப்பு எதுவும் இல்லை. அட்டையில் இரண்டு கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் கணக்கு தகுதி. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 25, அல்லது சராசரியோடு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வருவது. இரண்டில் எது அதிகமோ அது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டாவது கணக்கு 1000-க்கான ஸ்கோர். இதில் எல்லோருக்கும் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்தான் 350 என்று வைக்கப்படுகிறது. உச்சியில் இருப்பவர்களின் சராசரி 900. நடுவே நேர்க்கோடு.

கணக்குக்காக பொதுத் தகுதி 30, உச்சிச் சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். 40 எடுத்தவருக்கு ஸ்கோர் 400 அல்ல, 460. பட்டியல் சாதிக்குத் தகுதி 20. அதில் 22 எடுத்தவர் தகுதி பெறுகிறார். ஆனால் ஸ்கோர் 262. கோடு 350-க்குக் கீழேயும் நீள்கிறது, அவ்வளவே.

வாய்பாட்டை ஒளித்து வைக்கவில்லை. அது வெளிப்படையாகவே இருக்கிறது. என் விமர்சனம் வேறு. சலுகை கணக்கு ஒன்றில் மட்டும் இருக்கிறது, கணக்கு இரண்டில் இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் குழம்புவது யார்? பொதுப் பிரிவில் தகுதி பெற்ற ஒருவருக்கு 350-க்குக் கீழே ஸ்கோர் வரவே வராது. யாருக்காகச் சலுகை வைத்தார்களோ, அவர்களுக்கு மட்டும்தான் இந்தக் குழப்பம். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். நான் எழுதும் மென்பொருளில் இப்படி ஒரு திரை வந்தால் பக் என்று திருப்பி அனுப்புவார்கள்.

எங்கள் ஊர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், சுமார் 921. வாரிய உறுப்பினராக கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும்; ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். அதன் பிறகுதான் குடவோலை. அது பிராமணச் சபையின் விதி. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆனால் விதியும் விலக்கும் ஒரே சுவரில், பக்கத்திலேயே இருக்கின்றன.

தகுதி என்றால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டெக். இடம் கிடைத்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்குக் கேட் தகுதிதான் அடிப்படை. அட்டை மூன்று வருடம் செல்லும். சேர்க்கையிலும் அந்தந்தப் பிரிவின் கடைசி ஸ்கோரோடு ஒப்பிட வேண்டுமே தவிர, 350-ஓடு அல்ல.

"அப்போ அப்ளை பண்றேன் அங்கிள்" என்று கிளம்பினாள். கல்வெட்டுக் கட்டுரை அடுத்த வாரம்.