இருபத்தொன்பது நிமிட இரைச்சல்

"இதெல்லாம் ஒரு பாட்டா? வெறும் இரைச்சல்!" பிள்ளைகள் கேட்கும் ராக் இசையைப் பற்றி நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது இதுதான். 1976 ஏப்ரலில் வெளிவந்த ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், அந்த இரைச்சலுக்குள் ஒரு கணக்கு இருப்பது புரியும்.

நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் 1974இல் ஒன்றுசேர்ந்த இளைஞர்கள் இவர்கள். பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற சிறிய மதுக்கூடம்தான் இவர்களுடைய மேடை. அன்றைய ராக் இசையோ நீண்ட கிடார் தனி ஆவர்த்தனங்களும் பெரும் செலவுமாக வளர்ந்து நின்றது. இவர்கள் 14 பாட்டுகளை 29 நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ஒலிப்பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர்தான்.

வித்தை தெரியாததால் இப்படி வாசித்தார்கள் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ஜானி ரமோன் கம்பிகளை மேலிருந்து கீழாகவே, அதே வேகத்தில், இடைவிடாமல் அடிக்கிறார். சாதாரணக் கை என்றால் சில நிமிஷங்களிலேயே மணிக்கட்டு ஓய்ந்துவிடும். பதிவிலும் கிடார் ஒரு பக்கம், பேஸ் கிடார் மறுபக்கம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். மெட்டுகளில் 1960களின் பாப் பாட்டுகளுடைய இனிமை இருக்கிறது. எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை விட்டுவிடலாம் என்று யோசித்து அமைத்த இசை இது.

குறையே இல்லையா? உண்டு. நாஜிகளின் சொற்களை விளையாட்டுப்போல எடுத்தாண்டதை ரசிக்க முடியவில்லை. டிரம்ஸ் வாசித்த டாமியின் பெற்றோரே யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் என்று தெரியும்போது, அந்தக் கேலி இன்னும் உறுத்துகிறது. பின்னால் வந்த பலர் வேகத்தையும் தோல் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு, மெட்டை விட்டுவிட்டார்கள்.

ஆனால் "மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், நீயும் மேடையேறலாம்" என்ற துணிச்சலை இவர்கள்தான் கொடுத்தார்கள். அந்த வழியில் வந்த கிரீன் டே குழுவின் 1994ஆம் ஆண்டு இசைத்தட்டு 'டூக்கி' ஒரு கோடிக்கு மேல் விற்றது. ரமோன்ஸின் முதல் தட்டோ, அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றிதழ் பெறவே 38 வருஷம் ஆயிற்று. 2014இல் அது வந்தபோது ஜோயி, டீ டீ, ஜானி மூவரும் இல்லை. டாமியும் அதே வருஷம் ஜூலையில் போய்விட்டார்.

அடுத்த முறை பிள்ளையின் அறையிலிருந்து இரைச்சல் கேட்டால், "நிறுத்துடா" என்பதற்கு முன் ஒரே ஒரு பாட்டு கேட்டுப் பார்ப்போமே. இரண்டு நிமிஷம்தானே!